பதினெட்டாயிரம் ரூபாய் ரேசர்: அந்த விலைக்குத் தகுமா?

கேள்வி: இப்போது மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜில் ஷேவ் செய்கிறேன். கழுத்தில் எரிச்சல், சின்னச் சின்னக் கொப்புளங்கள். 18,000 ரூபாய்க்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சேஃப்டி ரேசர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அந்த விலைக்கு மதிப்பு உண்டா?

பதில்:

கழுத்து எரிச்சலைத் தீர்க்கத்தான் என்றால் வேண்டாம். நாலாயிரம் ரூபாய்க்குள் முடிகிற வேலை அது. அந்த ரேசர் மேல் ஆசை வந்துவிட்டது என்றால் பேச்சே வேறு. அதற்கும் வருகிறேன்.

இத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் அந்த ரேசர் ஒரு முடியைக்கூட வெட்டப் போவதில்லை. வெட்டுவது அதற்குள் நீங்கள் போடும் பிளேடு. 43 மில்லிமீட்டர் நீளம், 22 மில்லிமீட்டர் அகலம், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிமன். மளிகைக் கடையில் சீயக்காய் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் தொங்குகிறதே, அதே தகடு. ஒன்றின் விலை சில ரூபாய். சலூனில் அண்ணன் காகித உறையோடு சேர்த்து இரண்டாக ஒடித்து, பாதியைத் தன் கத்தியில் செருகுவாரே, அதுவும் இதுதான். முந்நூறு ரூபாய் ரேசருக்கு ஒரு பிளேடு, பதினெட்டாயிரம் ரூபாய் ரேசருக்கு வேறு பிளேடு என்றெல்லாம் கிடையாது.

அப்படியானால் ரேசருக்கு என்னதான் வேலை? பிடிப்பது. அது கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். ஆனால் கொடுக்கிற காசு முழுக்க அதற்குத்தான் போகிறது.

ஏதாவது ஒரு சேஃப்டி ரேசரின் தலையைக் கழற்றிப் பாருங்கள். மேலே மூடி, கீழே அடித்தட்டு, நடுவில் பிளேடு. கைப்பிடியைத் திருகத் திருகத் தட்டையான பிளேடு மூடியின் வளைவுக்கு ஏற்ப வளைகிறது. தட்டையான தகடு துவளும். வளைந்த தகடு விறைப்பாக நிற்கும். அந்த விறைப்பு கூர்முனை வரைக்கும் போய்ச் சேருகிறதா என்பதில்தான் ஒரு ரேசரின் தரம் இருக்கிறது. முனைக்கு ரொம்ப உள்ளேயே பிடிமானம் நின்றுவிட்டால், தடித்த முடியில் படும்போது முனை நடுங்கும். பிடி ஆடுகிற அரிவாளால் விறகு பிளப்பது மாதிரி. கண்ணுக்குத் தெரியாத நடுக்கம்தான், தோலுக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

அடுத்தது அளவுகள். பிளேடு முனைக்கும் அடித்தட்டின் விளிம்புக்கும் நடுவில் விடுகிற இடைவெளி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைவிடக் குறைவு. முனை எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்பது அதைவிட நுணுக்கமான சமாசாரம். இரண்டும் இரு பக்கமும் ஒரே மாதிரி அமைய வேண்டும். தலை கொஞ்சம் கோணலாக அமைந்தாலும் ஒரு பக்கம் சாதுவாக வழிக்கும், மறுபக்கம் கடிக்கும்.

இனி உலோகம். சந்தையில் கிடைக்கும் சேஃப்டி ரேசர்களில் பெரும்பாலானவற்றின் தலை துத்தநாகக் கலவையில் வார்த்தது. ஜமாக் என்பார்கள். 400 டிகிரிக்குள் உருகிவிடும், அச்சில் ஊற்றி மளமளவென்று எடுத்துவிடலாம். மேலே குரோமியம் முலாம். ஜெர்மனியின் மெர்குர், மூலே நிறுவனங்களின் பேர்போன மாடல்கள்கூட இந்த ரகம்தான், மட்டம் என்று தள்ளிவிட முடியாது. முலாம் இருக்கும்வரை பிரச்சினையே இல்லை. எங்காவது கீறல் விழுந்து முலாம் விட்டுப்போனால், உள்ளே இருக்கும் துத்தநாகத்தை ஈரம் அரிக்கத் தொடங்கும். மேற்பரப்பு பொரிப்பொரியாகப் பொங்கும். குளியலறைத் தரையில் தவறி விழுந்தாலோ, கைப்பிடியை வெறித்தனமாக இறுக்கினாலோ மூடியின் நடுவில் இருக்கும் திருகு ஒடிந்துவிடலாம். அத்தோடு ரேசர் குப்பைக்குத்தான்.

நீங்கள் பார்த்து வைத்திருக்கிற விலையில் வருவது 316எல் ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகத்தான் இருக்கும், கணினி இயக்கும் இயந்திரத்தில் கட்டியிலிருந்து சீவி எடுத்தது. துத்தநாகம் மாதிரி இந்த எஃகு லேசில் வேலைக்கு மசியாது. வெட்டும் கருவி தேயும், நேரம் பிடிக்கும், அப்புறம் மெருகு ஏற்ற வேண்டும். அந்த நேரத்துக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். பதிலுக்கு அளவு பிசகாத தலை கிடைக்கிறது. முலாமே இல்லை, அதனால் உரிவதற்கும் ஒன்றுமில்லை. திருகு ஒடியும் பயம் இல்லை. போர்வெல் தண்ணீரில் வெள்ளையாக உப்பு படிந்தால் வினிகரில் கொஞ்சம் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவிவிடலாம். முலாம் போட்டதில் அப்படிச் செய்ய எனக்குத் தைரியம் வராது.

என்னிடம் இரண்டு வகையும் இருக்கிறது. கன்னத்தில் எது எந்த ரேசர் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தாடைக்குக் கீழே, முடி ஒரு பக்கம் இறங்கி இன்னொரு பக்கம் சுழன்று வளர்கிற இடம் இருக்கிறதே, அங்கே தெரியும். ஸ்டீல் ரேசர் ஒரே சீரான சத்தத்தோடு போகும்; மற்றது அங்கங்கே தயங்கித் தயங்கிப் போகும். வித்தியாசம் அவ்வளவுதான். முந்நூறு ரூபாய் ரேசருக்கும் மூவாயிரம் ரூபாய் ரேசருக்கும் நடுவில் இருப்பது பெரிய இடைவெளி. மூவாயிரத்துக்கும் பதினெட்டாயிரத்துக்கும் நடுவில் இருப்பது சின்ன இடைவெளி. அதற்கு மேலே டைட்டானியத்துக்குப் போனால் முகத்துக்கு எந்த லாபமும் இல்லை.

டைட்டானியம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. "கனமான ரேசர்தான் உயர்ந்தது, அதன் எடையே வேலையைச் செய்துவிடும்" என்று எல்லாரும் சொல்வார்கள். சரி. ஆனால் டைட்டானியத்தின் அடர்த்தி ஸ்டீலில் ஏறத்தாழ பாதிதான். விலை மட்டும் பல மடங்கு. கனம்தான் வேண்டும் என்றால் ஸ்டீலைவிடக் கனமானது பித்தளை, விலையும் பெரும்பாலும் குறைவு.

இனி விற்பவர்கள் ஆசையாகச் சொல்லும் சேமிப்புக் கணக்கு. நல்ல மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜ் ஒன்று நூறு ரூபாயைத் தாண்டுகிறது. மாதத்துக்கு இரண்டு என்றால் வருடத்துக்கு இரண்டாயிரத்து நானூறுக்குக் குறையாது. சேஃப்டி ரேசரில் வாரம் ஒரு பிளேடு போட்டாலும் வருடத்துக்கு 52 பிளேடு, சுமார் இருநூறு ரூபாய். "எட்டொன்பது வருடங்களில் ரேசர் விலை திரும்பிவிடும்" என்பார்கள். கூட்டல் கழித்தல் சரிதான். ஆனால் முந்நூறு ரூபாய் ரேசர் வாங்கினால் அந்தக் காசு இரண்டு மாதத்தில் திரும்பிவிடுமே! மிச்சம் பிடித்துக் கொடுப்பது பிளேடு. அதன் புண்ணியத்தை விலையுயர்ந்த ரேசரின் கணக்கில் எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ரேசரைச் சும்மா மாதிரிக் கொடுத்துவிட்டு பிளேடில் காசு பார்ப்பது, ஜில்லெட் நிறுவனத்தைத் தொடங்கிய கிங் கேம்ப் ஜில்லெட் கண்டுபிடித்த வித்தை என்று ஒரு கதை உலவுகிறது. தொடக்கத்தில் நடந்தது அதற்கு நேர்மாறு. 1903இல் விற்பனைக்கு வந்த ஜில்லெட் ரேசரின் விலை 5 டாலர்; அந்தக் காலத்து அமெரிக்கத் தொழிலாளிக்கு ஏறக்குறைய அரைவாரக் கூலி. காப்புரிமை கையில் இருந்தவரை விலையை இறக்கவே இல்லை. 1921இல் காப்புரிமை காலாவதியானது, மற்றவர்களும் அதே பிளேடு பொருந்தும் ரேசர் செய்யலாம் என்றானது, அப்போதுதான் பழைய மாடலை ஒரு டாலருக்கு இறக்கினார்கள். ஆக, சேஃப்டி ரேசர் பிறந்ததே ஆடம்பரப் பொருளாகத்தான்.

அந்த நிறுவனம் 1930களின் கடைசியில் கொண்டுவந்த டெக் என்ற மாடல் பல பத்தாண்டுகள் ஓடியது. பழைய டெக்குகள் பித்தளை. தாத்தா வீட்டு டிரங்குப் பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தால், காசைக் கையில் எடுப்பதற்கு முன் அதைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து புது பிளேடு போட்டுப் பாருங்கள். பிளேடின் அளவு இன்றைக்கும் அதேதான்.

இப்போது உங்கள் கழுத்துக்கு வருவோம். மூன்று பிளேடு, ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜில் முதல் பிளேடு முடியைச் சற்று இழுத்தபடி வெட்டும். முடி உள்ளே திரும்புவதற்குள் அடுத்தது இன்னும் கீழே வெட்டும். மழமழவென்று இருக்கும், அதுதான் விளம்பரத்திலும் காட்டுவார்கள். ஆனால் சுருட்டை முடிக்காரர்களுக்கு, தோலுக்குக் கீழே வெட்டுப்பட்ட முடி வெளியே வராமல் உள்ளேயே வளைந்து வளர்ந்து கொப்புளமாகிறது. ஒற்றை பிளேடுக்கு மாறினால் பலருக்கு இது குறையும். எந்த ஒற்றை பிளேடானாலும் சரி, விலை இதில் வரவே இல்லை. முடி வளரும் வாட்டத்திலேயே வழியுங்கள், எதிர்வாட்டத்தைக் கொஞ்ச காலம் மறந்துவிடுங்கள், அழுத்தாதீர்கள். அப்புறமும் போகவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். எல்லாக் கொப்புளமும் ரேசரால் வருவதல்ல.

முடியை நன்றாக ஊறவையுங்கள். 2020இல் அமெரிக்காவின் எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் ஷேவிங் பிளேடால் முடியை வெட்டிப் பார்த்தார்கள். முடி எஃகைவிட 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் முடி வளைந்து கோணலாகப் படும்போது பிளேடின் விளிம்பிலிருந்து துளித்துளியாகச் சில்லு பெயர்கிறது. பிளேடு மழுங்குவது தேய்மானத்தால் மட்டுமல்ல, இப்படி உடைவதாலும்தான். எவ்வளவு விலையுள்ள ரேசரும் இதைத் தடுத்துவிடாது. குளித்த கையோடு ஷேவ் செய்வதும், நாலைந்து ஷேவுக்கு ஒருமுறை பிளேடை மாற்றுவதும் அந்த ரேசரைவிட உங்கள் கழுத்துக்கு நல்லது.

வாங்கவே கூடாத ரகம் என்று ஒன்று உண்டு. தந்தம் மாதிரி பிசின், கருங்காலி மரம், வெள்ளிப்பூண் போட்ட கைப்பிடி; தலையில் நீங்கள் இப்போது பயன்படுத்துகிற அதே மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜ். பெட்டியில் பிரஷ், ஸ்டாண்ட், வெல்வெட் துணி எல்லாம் இருக்கும். பிடிக்கிற வேலையைக் கார்ட்ரிட்ஜே செய்துகொள்கிறது, கைப்பிடி வெறும் குச்சி. அந்தக் குச்சிக்கு பத்தாயிரமா? எனக்கு மனசு வராது. 2019இல் ஜில்லெட் 200 டாலருக்குச் சூடாகும் ரேசர் ஒன்றைக் கொண்டுவந்தது, பிளேடுக்குக் கீழே ஒரு உலோகப் பட்டை 50 டிகிரி வரை சூடேறும். சுகமாகத்தான் இருக்கும். சென்னை மே மாதத்தில் யாருக்கு வேண்டும்? நீலக்கல்லில் பிளேடு செய்து ஒரு லட்சம் டாலர் விலை வைத்த ரேசரும் வந்தது. அதைப் பற்றி எனக்கும் உங்களுக்கும் பேச்சில்லை.

விலையைவிட முக்கியமான இன்னொன்று, எந்தத் தண்ணீரில் ஷேவ் செய்கிறீர்கள் என்பது. 2002இல் ஜில்லெட் இந்தியாவுக்காக வெக்டர் என்ற ரேசரைக் கொண்டுவருவதற்கு முன், எம்ஐடியில் படித்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தது. எல்லாரும் பிரமாதம் என்றார்கள். இங்கே வந்ததும் முடி அடைத்துக்கொண்டது. அந்த மாணவர்களுக்குக் குழாயில் தண்ணீர் கொட்டியது; இங்கே பலர் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு ஷேவ் செய்கிறவர்கள். இந்திய வீடுகளுக்குள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் 2010இல் 15 ரூபாய்க்கு கார்டு ரேசரை விட்டார்கள். ஒற்றை பிளேடு, மாற்று பிளேடு அப்போது 5 ரூபாய், மொத்தமே நாலு பாகம். நீங்களும் மக்கில் முக்கி அலசுகிறவர் என்றால் சேஃப்டி ரேசர் தோதுப்படும், அடைப்பு குறைவு, அடைத்தாலும் கழற்றி அலசலாம். அடிக்கடி விமானத்தில் போகிறவர் என்றால் தோதுப்படாது; கைப்பையில் பிளேடு கொண்டுபோக விடமாட்டார்கள்.

சரி, இவ்வளவு கேட்ட பிறகும் அந்த ஸ்டீல் ரேசர்தான் கண்ணுக்குள் நிற்கிறது என்றால் வாங்குங்கள். தினமும் காலையில் கையில் எடுக்கிற பொருள் நன்றாகச் செய்ததாக இருக்க வேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை. நான் வாங்கியதும் அதற்காகத்தான். ஆனால் முதலில் ஒரு சாதாரண சேஃப்டி ரேசரில் ஓரிரு மாதம் கை பழகட்டும், நாலைந்து கம்பெனி பிளேடு போட்டுப் பார்த்து எது உங்கள் தாடிக்குச் சேர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பெட்டி வந்ததும் முகத்தில் வைக்காதீர்கள். பிளேடு போட்டு இறுக்கி, தலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மேலிருந்து பாருங்கள். இரு பக்கமும் முனை ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இணையாக. ஒரு பக்கம் அதிகமாக நீட்டினால் பிளேடை மட்டும் எடுத்து இடம் வலமாகத் திருப்பிப் போடுங்கள். நீட்டல் அடுத்த பக்கத்துக்கு மாறினால் கோளாறு பிளேடில். அதே பக்கத்தில் நின்றால் ரேசரில். உடனே திருப்பி அனுப்பிவிடுங்கள், ஒருமுறை ஷேவ் செய்துவிட்டால் பெரும்பாலும் யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.