கையைப் பிடித்து இழுக்காதீர்கள், கையைக் கொடுங்கள்

கேள்வி: என் மாமனாருக்கு 66 வயது. க்ளாக்கோமா என்ற கண் நீர் அழுத்த நோயால் இரண்டு கண்ணிலும் பார்வை அநேகமாகப் போய்விட்டது. கொல்லைப்பக்கம் போகக்கூட நாங்கள்தான் கையைப் பிடித்து அழைத்துப்போகிறோம். அப்படியும் தடுக்கி விழுகிறார். என்ன செய்வது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: நீங்கள் அவர் கையைப் பிடிப்பதுதான் சிக்கல். இழுத்த இழுப்புக்கு வருகிறவருக்கு அடுத்து மேடா பள்ளமா என்று தெரியாது. அவர் உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்ளட்டும்: கட்டைவிரல் வெளிப்பக்கம், மற்ற நான்கு விரலும் உட்பக்கம். அரை எட்டு பின்னால் நடந்துவந்தால், நீங்கள் படி இறங்குவது உங்கள் கை வழியாகவே அவருக்கு முன்கூட்டித் தெரிந்துவிடும். படிக்கு முன் ஒரு நொடி நின்று, “மாமா, இறங்குது” என்று சொல்லுங்கள். “பார்த்து வாங்க” என்பதில் அவருக்கு ஒரு தகவலும் இல்லை. ரேழி மாதிரிக் குறுகலான இடத்தில் உங்கள் கையை முதுகுப்பக்கம் மடக்கினால் அவர் நேர்பின்னால் வந்துவிடுவார். உட்காரவைக்கத் தோளை அழுத்தாதீர்கள். அவர் கையை நாற்காலியின் சாய்மானத்தில் வைத்தால் போதும்.

வீட்டில் பெரிய ஆபத்து, பாதி திறந்த கதவு. அதன் விளிம்பு நேராக நெற்றியில் இடிக்கும். முழுக்கத் திறந்திருக்கட்டும், அல்லது முழுக்கச் சாத்தியிருக்கட்டும். கொல்லைக் கதவிலிருந்து கழிவறை வரை இடுப்பு உயரத்தில் நைலான் கயிறு கட்டுங்கள். தொய்ந்தால் அவரைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். இடையில் கம்பு நட்டு விறைப்பாகக் கட்ட வேண்டும். படி வருமிடத்துக்கு ஓரடி முன்னால் ஒரு முடிச்சு. கழுத்து உயரத்தில் துணிக்கொடி இருந்தால் இன்றே அவிழ்த்துவிடுங்கள்.

வெளியே போக வெள்ளைக் கோல் வேண்டும். உயரம் தரையிலிருந்து நெஞ்சுக்குழி வரை. இடது கால் முன்னே வரும்போது கோல்முனை வலப்பக்கம் இருக்க வேண்டும். அடுத்த கால் விழும் இடத்தை அது முன்பே தொட்டுவிடும். இடுப்புக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பது எதுவும் கோலில் தட்டாது. தாழ்ந்த கீற்றுச் சார்ப்பு அப்படித்தான் முகத்தில் இடிக்கும். தை, மாசியில் சாலையில் நெல்லும் வைக்கோலும் காயும்போது தார் விளிம்பு கோலுக்குச் சிக்காது, தட்டும் ஓசையும் அமுங்கிவிடும். அடைமழையிலும் வண்டிச் சத்தம் பிரிந்து கேட்காது. அந்த நாட்களில் துணைக்கு ஒருவர் போங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு அதே நோய்க்கு இரண்டு சொட்டு மருந்து. மங்கலாகத்தான் தெரிகிறது, புட்டிகளை மாற்றி எடுத்துவிடுகிறார்.
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஒரு புட்டியில் ரப்பர் பேண்டு சுற்றுங்கள். மூடியில் வேண்டாம், மூடி மாறிவிடும். புட்டியின் உடம்பில் சுற்றுங்கள். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை 2 நிமிடம் அழுத்தட்டும். இல்லாவிட்டால் மருந்து மூக்கு வழியே உடம்பில் சேரும். டிமோலால் வகை மருந்து அப்படிச் சேர்ந்தால் ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சு முட்டும். ஆஸ்துமா இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி விடுங்கள். உடனே விட்டால் முதல் மருந்தைக் கழுவிவிடும். போன பார்வை இந்த நோயில் திரும்பாது, மருந்து இருப்பதைக் காப்பதற்கு. குடும்பவழி வரக்கூடியது என்பதால் நீங்களும் உடன்பிறந்தவர்களும் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: டீக்கடை வைத்திருக்கிறேன். பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது. ரூபாய் நோட்டைத் தடவி அறிய முடியுமா? மாற்றுத்திறனாளி சான்று கிடைக்குமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: புது வரிசை நோட்டில் இரு ஓரங்களிலும் மேடான கோடுகள் உண்டு: 100 ரூபாய்க்கு 4, 500க்கு 5, 200இல் 4 கோடுகளுக்கு நடுவே இரண்டு வட்டங்கள். கசங்கிய நோட்டில் மேடு தேய்ந்திருக்கும், அப்போது நீளத்தைப் பாருங்கள். 100 ரூபாய் 142 மி.மீ., 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. கல்லாவில் ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல நோட்டை அளவுக்கு வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் பிடிபடும். 10, 20, 50இல் மேடு இல்லை; வாங்கியதுமே தனித்தனி அறையில் போடுங்கள். ரிசர்வ் வங்கியின் ‘மணி’ செயலி கேமராவில் பார்த்து மதிப்பைச் சொல்லும், இணையம் இல்லாமலும் இயங்கும்.

சான்றுக்கு எழுத்துப் பலகையைப் படிக்கும் சோதனை மட்டும் கணக்கில்லை. நேரே தெளிவாகத் தெரிந்தாலும், நல்ல கண்ணின் பார்வைப் பரப்பு, அதாவது கண்ணை அசைக்காமல் பார்க்கும்போது தெரியும் அகலம், 10 பாகைக்குக் குறைந்தால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அது பார்வையின்மை. 10 முதல் 40க்குள் என்றால் குறைபார்வை. அதனால் பார்வைப் பரப்புச் சோதனை அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள். பலர் அதை விட்டுவிட்டுப் போய்த் திரும்பி அலைகிறார்கள்.