மழை வந்தால் டிக்கெட் பணம் என்ன ஆகும்?

கேள்வி: ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவை (வயது 68) அமெரிக்காவின் சார்லட் நகரில் நடக்கும் கோகோ-கோலா 600 (மொத்தம் 600 மைல்) கார் பந்தயத்துக்குக் கூட்டிப் போக ஆசை. தெரிந்தவர் மூலமாக ஒருவர், முதல் வரிசை டிக்கெட் இரண்டு இருக்கிறது, விலைதான் கொஞ்சம் கூடுதல் என்கிறார். அன்று மழை வரலாமாம். வாங்கலாமா?

பதில்: அவரிடம் வாங்காதீர்கள். முதல் வரிசையும் வேண்டாம்.

சினிமாவுக்கு எப்படியோ அப்படித்தான் இங்கேயும், முன்னால் உட்கார்ந்தால் ஒன்றும் தெரியாது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கார்கள் சர்ரென்று போகும், டயரிலிருந்து பிய்ந்த ரப்பர் துணுக்கு மேலே வந்து விழும், எதிர்ப்பக்கம் யார் யாரை முந்தினார் என்பது கண்ணிலேயே படாது. ஒரு சுற்று ஒன்றரை மைல், மொத்தம் 400 சுற்று. மேல் வரிசையில் இருந்தால்தான் முழு வட்டமும் தெரியும். இது தரகர்களுக்கும் தெரியும், ஆனாலும் முதல் வரிசை என்று சொல்லித்தான் விற்பார்கள்.

அப்புறம், ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறேன் என்றால் பேச்சையே முடித்துவிடுங்கள். ஒரே படத்தை நான்கு பேருக்கு விற்கலாம், முதலில் ஸ்கேன் செய்தவர் உள்ளே போய்விடுவார். இரண்டு குழந்தைகளோடு வந்த ஒரு குடும்பம், ஏற்கெனவே பயன்படுத்திய டிக்கெட் என்று வாசலிலேயே நிறுத்தப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சின்னப் பையன் தலையில் புதுத் தொப்பி, விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

இப்போது மழை. இந்த ஓடுதளத்தில் ஈரத்தில் ஓட்ட மாட்டார்கள், நிறுத்திவிட்டுக் காயவைப்பார்கள். தொடங்கவே முடியாவிட்டால் மறுநாள். 2023-ல் அப்படித்தான் திங்கட்கிழமைக்குப் போனது, அதே டிக்கெட் செல்லும். மறுநாள் வர முடியாதவர்களுக்கு ஓடுதளம் தரும் சலுகை, அவர்களிடம் நேரடியாக வாங்கியவர்களுக்குத்தான். தரகரிடம் வாங்கியவர் யாரிடம் போய்க் கேட்பது?

ஒரு விஷயத்தை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். பாதி தூரம், அதாவது 200 சுற்று முடிந்துவிட்டால் பந்தயம் நடந்ததாகவே கணக்கு, அதற்கு மேல் மழை கொட்டி அங்கேயே முடித்துவைத்தாலும் பணம் திரும்பாது. 2009-ல் 227 சுற்றோடு முடிந்தது, டேவிட் ரூட்டிமன் ஜெயித்தார். 2024-ல் 249 சுற்று, கிறிஸ்டோபர் பெல். அன்றே இண்டியானாபோலிஸ் என்ற வேறு ஊரில் இன்னொரு கார் பந்தயத்தை முடித்துவிட்டு அவசரமாகப் பறந்து வந்த ஓட்டுநர் கைல் லார்சனுக்கு ஒரு சுற்றுகூட ஓட்டக் கிடைக்கவில்லை. 199-வது சுற்றில் நின்றால் ஒரு நியாயம், 201-ல் நின்றால் வேறு நியாயம். 600 மைல் என்று சொல்லி விற்றுவிட்டு முந்நூறோடு கணக்கை முடிக்கும் இந்த விதியை யாராவது மாற்றினால் புண்ணியமாகப் போகும்.

சரி, அப்பாவுக்கு. மாலையில் தொடங்கி இரவு வெகுநேரம் ஓடும், ஆகவே ஒரு ஸ்வெட்டர், உட்கார மெத்தை. காதை முழுவதும் மூடும் ஹெட்போன் போன்ற கவசத்தை முன்னாடியே கடையில் வாங்கிவிடுங்கள், கார்களின் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே அவர் காதில் மாட்டிவிடுங்கள்.