மீன் தொட்டியின் பிஎச் அளவு ஏன் ஒரு நிலையில் நிற்பதில்லை?

இரண்டடித் தொட்டி, கப்பி மீன்கள், வாராவாரம் ஆர்ஓ தண்ணீர்தான் மாற்றுகிறேன், ஆனாலும் பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) 6-க்கு இறங்குகிறது, கடையில் கொடுத்த 'பிஎச் அப்' திரவத்தை ஊற்றினால் ஏறிவிட்டு மூன்று நாளில் மறுபடி இறங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தத் திரவத்தை நிறுத்திவிடுங்கள். ஏன் என்று என் அனுபவத்தை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் நல்ல உப்பு. குழாய், வாளி எல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். இதில் மீன் எப்படி உயிர் வாழும் என்று நினைத்து, நாங்கள் குடிக்கும் ஆர்ஓ தண்ணீரையே 55 லிட்டர் தொட்டிக்கும் ஊற்றினேன். இரண்டு மாதம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது மாதம் கப்பிகள் துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கின. சோதித்தால் பிஎச் 6, அதுதான் என் சோதனைக் கிட் காட்டக்கூடிய கடைசி நிறம், அதற்குக் கீழே அது காட்டாது. பதறிப்போய் ஒரு பெரிய கரண்டி ஆப்ப சோடாவைக் கரைத்து மொத்தமாக ஊற்றிவிட்டேன். மறுநாள் காலையில் 14 மீன்களில் 9 மிதந்தன. அந்தக் காலையை நான் இன்னும் மறக்கவில்லை.

நடந்தது இதுதான். மீன் கழிவும் மிச்சத் தீனியும் அம்மோனியாவாகின்றன. ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. மீன் இருக்கும் எந்தத் தொட்டியிலும் இது தினமும் நடக்கும். அந்த அமிலத்தை வாங்கிக்கொள்வது தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட். அதன் அளவைத்தான் கேஎச் என்கிறோம். போர் தண்ணீரில் அது தாராளமாக இருக்கும். ஆர்ஓ இயந்திரம் அதைப் பெரும்பாலும் எடுத்துவிடுகிறது. கையிருப்பே இல்லாத வீட்டில் தினமும் செலவு மட்டும் நடந்தால் எப்படியோ, அப்படித்தான் ஆர்ஓ தொட்டியும்.

சரி, மீன்கள் ஏன் செத்தன? பிஎச் 6-க்கு வந்தால் பாக்டீரியா மந்தமாகிவிடும். அம்மோனியா சேரும். ஆனால் அமிலத் தண்ணீரில் அது அம்மோனியம் என்ற வடிவில் இருப்பதால் மீனை அவ்வளவாகத் தாக்காது. நம் ஊர்ச் சூட்டில், 28 டிகிரி தண்ணீரில், பிஎச் 6 என்றால் நச்சு வடிவம் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. பிஎச் 8-க்கு ஏறினால் நூறில் ஆறேழு பங்கு. ஒரே இரவில் நான் செய்த மாற்றம் அது. உங்கள் திரவமும் அதே வேலையைத்தான் செய்யும்.

அதனால் பிஎச்சைத் துரத்த வேண்டாம், கேஎச்சைப் பாருங்கள். சொட்டு சொட்டாக விட்டு நிறம் மாறும்வரை எண்ணுகிற கேஎச் கிட் ஒன்று வாங்குங்கள். எங்கள் போர் தண்ணீர் 14 காட்டியது. இப்போது இரண்டு வாளி ஆர்ஓவுக்கு ஒரு வாளி போர் தண்ணீர் கலக்கிறேன். கேஎச் 5 அளவில் நிற்கிறது, பிஎச்சும் 7.4 பக்கத்திலேயே இருக்கிறது. கப்பியும் மோலியும் கடின நீரை விரும்புகிற மீன்கள். நான் மீன் வாங்கும் கொளத்தூர்ப் பண்ணைக்காரர் வெறும் போர் தண்ணீரிலேயே வளர்க்கிறார். ஒன்று மட்டும் கவனியுங்கள்: அப்போதே இறைத்த போர் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு கலந்திருப்பதால் பிஎச் குறைவாகக் காட்டும். ஒரு நாள் வைத்துவிட்டு அளந்தால்தான் உண்மை தெரியும்.

ஆனால் கலவைத் தண்ணீரை இன்றே நிறைய ஊற்றிவிடாதீர்கள். முதலில் அம்மோனியாவை அளங்கள். அதிகமாக இருந்தால் இரண்டு மூன்று நாள் ஆர்ஓ தண்ணீராலேயே கால் பங்கு மாற்றி அதைக் குறையுங்கள், தீனியையும் பாதியாக்குங்கள். அப்புறம் தினமும் பத்தில் ஒரு பங்கு கலவைத் தண்ணீர். ஒரு வாரம், பத்து நாள் ஆகட்டும், அவசரமே இல்லை.

போர் வசதி இல்லாத வீடு என்றால் ஆப்ப சோடாவும் உதவும், அளவோடு. 50 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் போட்டால் கேஎச் 3 முதல் 4 வரை ஏறும். ஒரு நாளைக்குக் கால் டீஸ்பூனுக்கு மேல் வேண்டாம். நன்றாகக் கழுவிய கிளிஞ்சலை வலைப்பையில் கட்டி ஃபில்டரில் வைப்பது எனக்கு இன்னும் பிடித்த வழி. தண்ணீர் அமிலமாகும்போது அதிகமாகக் கரையும், காரமானால் கரைவது குறையும். கிளிஞ்சலுக்குப் பதிலாகப் பவளத் துண்டுகளைக் கடற்கரையில் பொறுக்கிப் போடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளப்பாறைகள் பாதுகாக்கப்பட்டவை.

செடி இருக்கும் தொட்டியில் காலையில் பிஎச் குறைந்தும் மாலையில் ஏறியும் இருக்கும், அது இயல்பு. எப்போதும் ஒரே நேரத்தில் அளந்தால் குழப்பம் வராது. வெயிலில் ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு மட்டும் ஆர்ஓ ஊற்றலாம். நீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும்.

உங்கள் தொட்டியின் அம்மோனியா, கேஎச், வீட்டுக் குழாய்த் தண்ணீரின் கேஎச் மூன்றையும் அளந்து இங்கே எழுதுங்கள். எத்தனை வாளிக்கு எத்தனை வாளி என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.