ஜார்க்கண்டில் யுரேனியம், கல்பாக்கத்தில் அணுஉலை

கேள்வி: தமிழ்நாட்டில் கல்பாக்கம், கூடங்குளம் என இரண்டு அணுமின் நிலையங்கள் இருக்க, பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் ஒன்றுகூட இல்லையே, இது பாரபட்சம் அல்லவா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: பாரபட்சம் என்பதைவிட, சரக்குக் கூலிக் கணக்கு என்பதே பொருந்தும். 1,000 மெகாவாட் அனல் மின்நிலையம் ஒன்று ஆண்டுக்கு 40 லட்சம் டன்னுக்கு மேல் இந்திய நிலக்கரியை எரிக்கும். அதே திறனுள்ள கூடங்குளம் அணுஉலைக்குச் சில பத்து டன் எரிபொருளே போதும். நம் நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சாம்பல் என்பதால், அதைத் தொலைவுக்கு அனுப்புவது சாம்பலுக்கும் சேர்த்துக் கூலி கொடுப்பதாகும். ஆகவே ஜாரியா, ராணிகஞ்ச், தால்ச்சர், கோர்பா, சிங்ரௌலி எனச் சுரங்கங்கள் இருக்கும் இடங்களிலேயே அனல் மின்நிலையங்கள் பெருகின. மத்தியப் பிரதேசத்தின் விந்தியாச்சல் மின்நிலையம் மட்டுமே 4,760 மெகாவாட் திறன் கொண்டது.

சுரங்கங்களுக்கு வெகுதொலைவில், மின்தேவை மிகுந்த பகுதிகளில்தான் அணுமின்சாரம் கட்டுப்படியாகும் என்று திட்டமிட்டவர்கள் கருதினார்கள். பம்பாய்க்கும் குஜராத்துக்கும் அருகே 1969-இல் தாராப்பூர் செயல்படத் தொடங்கியதும், பின்னர் ராஜஸ்தானில் ராவத்பாட்டா, இங்கே கல்பாக்கம், குஜராத்தில் காக்ராப்பார், கர்நாடகத்தில் கைகா என நிலையங்கள் அமைந்ததும் இந்தக் கணக்கின்படியே. இன்று தென்மாநிலங்களில் மட்டும் 3,320 மெகாவாட் அணுமின் திறன் இருக்கிறது. கிழக்கில் ஒரு மெகாவாட்கூட இல்லை. இத்தனைக்கும் நாட்டின் முதல் யுரேனியச் சுரங்கமான ஜாதுகுடா இருப்பது ஜார்க்கண்டில்தான். அங்கே வெட்டியெடுத்துப் பதப்படுத்தும் யுரேனியம் ஹைதராபாத்துக்குச் சென்று எரிபொருளாகி, அங்கிருந்து கல்பாக்கம் போன்ற இடங்களுக்குப் போகிறது.

தெற்கில் நிலக்கரியே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். தெலங்கானாவில் சிங்கரேணி நிலக்கரியும், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியும் உண்டு. ஆனால் வடசென்னையும் தூத்துக்குடியும் ஒடிசா நிலக்கரியைப் பாரதீப் துறைமுகத்திலிருந்து கப்பலில் வரவழைக்க வேண்டியிருக்கிறது. குஜராத்தின் முந்த்ராவிலோ, இந்தியச் சுரங்கங்களை நம்பாமல் வெளிநாட்டு நிலக்கரியை நம்பியே பெருநிலையங்கள் எழுந்தன.

கேள்வி: கிழக்கில் அவ்வளவு அனல்மின்சாரம் இருந்தும், 2012-இல் நாம் மணிக்கணக்கில் மின்வெட்டில் தவித்தது ஏன்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பிற வட்டாரங்களில் விலைக்கு மின்சாரம் கிடைத்தபோதும், அதைத் தெற்கே கொண்டுவரும் பாதை போதவில்லை. ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு 2003-இல் அமைக்கப்பட்ட உயரழுத்த நேர்மின்சாரத் தடம் ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் நீளமுடையதென்றாலும், அது சுமக்கக்கூடிய மின்சாரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அதன் வழியே மின்சாரம் தெற்கே வருகிறது, சாம்பலோ தால்ச்சரிலேயே குவிகிறது என்பதையும் மின்வெட்டைப் பற்றிப் பேசும்போது நாம் நினைவில் கொள்ள வேண்டும். வடக்கு, மேற்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய பிற நான்கு மின்வட்டாரங்களும் ஒரே அதிர்வெண்ணில் இணைந்து இயங்க, நேர்மின்சாரத் தடம் மின்சாரத்தைக் கடத்துமே தவிர அதிர்வெண்ணை இணைக்காது என்பதால், தெற்கு மட்டும் தனித்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தனிமையே 2012 ஜூலை 30, 31 தேதிகளில் நம்மைக் காப்பாற்றியது: வடக்கும் கிழக்கும் வடகிழக்கும் இருளில் மூழ்கியபோது தென்னக மின்தொகுப்பு அசையவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இயங்கத் தொடங்கிய பிறகே நாடு முழுவதும் ஒரே மின்தொகுப்பாயிற்று.

கேள்வி: கூடங்குளத்து மின்சாரம் முழுவதும் நமக்குத்தானா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. ஏறத்தாழப் பாதி தமிழ்நாட்டுக்கு. மீதியில் கர்நாடகம், கேரளம், புதுச்சேரி ஆகியவற்றுக்குப் பங்கு உண்டு. 15 விழுக்காட்டை யாருக்கும் நிலையாக ஒதுக்காமல் மத்திய அரசு தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு, தேவை பார்த்துப் பகிர்ந்தளிக்கிறது.