சிக்னலில் அணைந்துபோகும் என்ஜின்

கேள்வி: என் பெட்ரோல் காரில் வேறு கேம்ஷாஃப்ட்டும் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) பெரிய திராட்டில் பாடியும் (உள்ளே செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) பொருத்தி, தனி ஈ.சி.யூ.வும் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) வைத்திருக்கிறேன். ஏ.சி. ஓடும்போது சிக்னலில் கிளச்சை மிதித்தால் என்ஜின் அணைந்துவிடுகிறது. ஐடிலை (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் சுழலும் வேகம்) கூட்டினால் போதுமா? – வாசகர், கோவை

பதில்: கூட்டத்தான் வேண்டும், ஆனால் அது முதல் வேலையன்று. திராட்டில் பாடியின் கேஸ்கெட்டிலோ வேக்குவம் குழாயிலோ காற்றுக் கசிவு இருந்தால், எந்த டியூனிங்கும் நிலைக்காது. (ஐடில் ஸ்க்ரூவைத் திருகிக் கசிவை மறைக்கும் மெக்கானிக்குகளும் உண்டு.) இரு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டும் கேம்ஷாஃப்ட்டில், குறைந்த சுழற்சியின்போது எரிந்த வாயு திரும்பி வந்து புதிய கலவையைக் கெடுப்பதால், நிமிடத்துக்கு 800 சுற்று அதற்குப் போதாமல் போகலாம், 950 முதல் 1,050 வரை வைத்துப் பாருங்கள். கலவையையும், எடையில் காற்று 14.7-க்குப் பெட்ரோல் 1 என்று பிடிவாதமாக நிறுத்தாமல், பெட்ரோலைக் கூட்டிச் சற்றுச் செறிவாக்கினால் என்ஜின் சீராக ஓடும்.

பலரும் கவனிக்காதது இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம். ஐடிலில் அதைச் சற்றுப் பின்தங்க வைத்தால், சுழற்சி விழும் கணத்தில் ஈ.சி.யூ. அதை முன்தள்ளி என்ஜினைத் தாங்கிப் பிடிக்கும். ஐடிலில் காற்றைக் கூட்டிக் குறைக்கும் வால்வால் அத்தனை விரைவாகச் செயல்பட இயலாது. ஏ.சி. கம்ப்ரஸர் இணைவதற்குச் சற்று முன்னரே கூடுதல் காற்று செல்லும்படியும் அமைக்கச் சொல்லுங்கள். இவை அனைத்தையும் என்ஜின் நன்கு சூடான பிறகே செய்ய வேண்டும்.