பயன் எதுவும் இல்லையென்றால் நட்பு எதற்கு?

அரிஸ்டாட்டில் நட்பை மூன்றாகப் பிரித்தார்: பயனுக்காக, இன்பத்துக்காக, நற்குணத்துக்காக. முதல் இரண்டும் காரணம் தீர்ந்ததும் தீர்ந்துவிடும் என்றார். காசிமேட்டு மீன் ஏலத்தில் விடியற்காலையில் தோளில் கைபோட்டுப் பேசியவர்கள், கணக்கு முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் போவதைப் பார்த்திருக்கிறேன். தவறொன்றும் இல்லை, வியாபாரம் அப்படித்தான்.

வள்ளுவர் இன்னும் கறார். நட்பைப் பற்றி மட்டும் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள். நட்பு எதற்கு என்பதை 784ஆம் குறளில் நேராகவே சொல்கிறார்: சிரித்து மகிழ்வதற்கு அல்ல, எல்லை மீறும்போது முந்திச் சென்று இடித்துரைப்பதற்கு.

இது எனக்குப் புரிந்தது ராயபுரத்தில், ஒரு கேரம் பலகைக்கு முன்னால். கடன் வாங்கிப் புது பைக் எடுக்கப் போவதாக அளந்துகொண்டிருந்தேன். எதிரே இருந்த நண்பன் ஸ்டிரைக்கரைக் கீழே வைத்தான். “உன் அம்மாவின் வளையல் அடகுக் கடையில் இருக்கிறதே, மறந்துவிட்டாயா?” என்றான், நான்கு பேர் முன்னிலையில். போரிக் பவுடர் படிந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாரம் அவனோடு பேசவில்லை.

பைக் எடுக்கவில்லை. தை மாதம் வளையலை மீட்கப் போனபோது அவனுடைய பழைய சைக்கிளில்தான் இருவரும் போனோம்.