கவுன்சில் டாக்ஸ் பில்லில் ஏன் நாலு பெயர்?

இங்கிலாந்தின் ஹோல்பீச் ஊரில் கேர் ஹோம் வேலைக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "அண்ணா, கவுன்சில் டாக்ஸ் பில்லில் நாலு பெயர் இருக்கிறது. வாசலில் ரோடு குழியாகக் கிடக்கிறது. யாரிடம் சொல்வது?"

கவுன்சில் டாக்ஸ் என்பது வீட்டுக்குக் கட்டும் உள்ளூர் வரி. ரோடு என்றால் கவுன்டி, தம்பி. அதாவது பல டிஸ்ட்ரிக்டுகள் அடங்கிய பெரிய பகுதிக்கான லிங்கன்ஷயர் கவுன்டி கவுன்சில். பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு, நூலகமும் அவர்கள்தான். குப்பை, கட்டட அனுமதி, வோட்டர் லிஸ்ட் எல்லாம் ஸ்பால்டிங்கில் இருக்கும் சவுத் ஹாலந்து டிஸ்ட்ரிக்ட் கவுன்சில். பில் அனுப்பிப் பணம் வாங்குவதும் டிஸ்ட்ரிக்ட்தான், ஆனால் பெரும்பங்கு கவுன்டிக்குப் போய்விடும். மிச்சம் இரண்டு பெயர் போலீஸும் பாரிஷும் (ஊர் அளவிலான சின்னக் கவுன்சில்). நானும் வந்த புதிதில், பில் அனுப்பியவர்களுக்கே போன் போட்டுக் குழியைப் பற்றிப் புலம்பினேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கவுன்டி நம்பரைக் கொடுத்தார். வீட்டில் நீங்கள் ஒருவர்தான் என்றால் 25% தள்ளுபடி உண்டு, நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த டிஸ்ட்ரிக்டுக்கு வயது அதிகமில்லை. ஸ்பால்டிங் நகரம், அதைச் சுற்றிய கிராமங்கள், உங்கள் பக்கத்து ஈஸ்ட் எல்லோ என்று மூன்று பழைய கவுன்சில்களை 1974 ஏப்ரல் 1 அன்று ஒன்றாக்கினார்கள். இந்தப் பகுதிக்கு ஹாலந்து என்ற பெயர்தான் பழசு. 1889 முதல் 1974 வரை லிங்கன்ஷயரில் உள்ள பாஸ்டனில் இருந்து ஹாலந்துக்கென்றே தனிக் கவுன்டி கவுன்சில் நடந்தது. இப்போது டிஸ்ட்ரிக்ட், கவுன்டி என்ற இரண்டு அடுக்கையும் எடுத்துவிட்டு ஒரே கவுன்சில் ஆக்கலாம் என்று 2024 டிசம்பரில் அரசு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. நீங்கள் இருக்கும்போதே பில்லில் பெயர் மாறலாம்.

பில்லில் பெரிதாகத் தெரியாத ஒரு செலவு தண்ணீர். குடிக்கிற தண்ணீர் இல்லை, வெளியேற்றுகிற தண்ணீர். நான் தஞ்சாவூர்க்காரன், வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்ற சண்டைதான் எனக்குத் தெரியும். இங்கே ரோட்டோரம் நேர்கோடாக ஓடுகிற ஆழமான வாய்க்கால்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நாள் இந்தத் தண்ணீரை வெளியேற்றுகிற பம்பு நின்றால் என்ன ஆகும் என்று ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்! 1947 வெள்ளத்துக்குப் பிறகு, ஸ்பால்டிங்கைக் காப்பாற்ற வெல்லண்ட் ஆற்றுக்கு ஒரு மாற்றுக் கால்வாயே வெட்டினார்கள், 1953இல் திறந்தார்கள். வாய்க்கால்களைப் பார்த்துக்கொள்ள வடிகால் வாரியங்கள் இருக்கின்றன. விவசாய நிலக்காரர்கள் அவற்றுக்கு நேரடியாக வரி கட்டுவார்கள், நம் வீடுகளுக்காக டிஸ்ட்ரிக்ட் கட்டும். டிஸ்ட்ரிக்டுக்குக் கிடைக்கும் பங்கு வரியில் அது நல்ல துண்டு, அதனால் "எங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சுமை" என்று கவுன்சிலர்கள் லண்டன் அரசிடம் முறையிடுவதில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத விஷயம். விசாவில் இருந்தாலும் இந்தியர், இலங்கையர் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் இங்கே ஓட்டு உண்டு, 18 வயது ஆகியிருந்தால் போதும். டிஸ்ட்ரிக்டில் பதிவு செய்துகொள்ளுங்கள். பூத்துக்குப் போகும்போது அடையாள அட்டை கேட்பார்கள், நம் பாஸ்போர்ட்டே செல்லும்.